வயலோரக் கற்களை மூடி மறைக்கலாமா?

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை பரந்து கிடக்கும் நெல்வயல்களிலே, உழவு இயந்திரத்தின் கொழு சற்று ஆழமாகப் பதிந்து, பழைய பானையோடு ஒன்றையோ செதுக்கிய கற்பலகை ஒன்றையோ வெளியே கொண்டுவந்துவிட்டால், அங்கே என்ன நடைபெறும்? அருகிலுள்ள முதியவர் ஒருவர் நாற்புறமும் பார்ப்பார். பின்பு தாழ்ந்த குரலிலே, “சத்தம் காட்டாமல் மூடிவிடு தம்பி, பேச்சு வெளியே போனால் காணி போய்விடும்” என்பார். ஓடு மீண்டும் மண்ணுக்குள் போகும். கற்பலகை வாய்க்கால் அணைக்குப் போகும், அல்லது கல்லுடைப்போனின் சம்மட்டிக்குப் போகும். அத்துடன் அந்தக் கதை முடியும்.

இந்த அறிவுரையைப் பேராசையின் குரலென்றோ அறியாமையின் குரலென்றோ ஒதுக்கிவிட முடியாது. பட்டறிந்த மக்களின் அச்சம் அதில் உண்டு. அந்த அச்சத்துக்குக் காரணங்களும் உண்டு. அவற்றைப் பின்னர் பார்ப்போம். ஆனால், மூடி மறைப்பதனால் காணி காப்பாற்றப்படுகின்றதா என்பதே எமது கேள்வி. காப்பாற்றப்படுவதில்லை என்பதும், காணியோடு சேர்த்து வரலாற்றையும் இழக்கின்றோம் என்பதுமே எமது விடை. தமிழ் பேசும் மக்களாகிய நாம், கற்றோரும் உழவரும் ஒன்றுசேர்ந்து, எமது சுற்றாடலிலுள்ள பழைய இடங்களைப் போய்ப் பார்க்கவும், பதிந்துவைக்கவும், உரிமையோடு பேசவும் முன்வரவேண்டும். இதனை வலியுறுத்தவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

கற்குவை என்பது யாது?

காட்டோரங்களிலும் மேட்டு நிலங்களிலும், இயற்கையாய் அமைந்ததுபோலத் தோன்றி, உற்றுப் பார்த்தால் மனிதன் அடுக்கியது எனத் தெரியும் கற்குவியல்கள் உண்டு. அவற்றைச் சுற்றிப் பெருங்கற்களை வட்டமாக நிறுத்தியிருந்தால் கல்வட்டம் என்பர். நிலத்தைத் தோண்டி, நான்கு புறமும் கற்பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் ஒன்றை ஏற்றி அறையாக்கியிருந்தால் கற்பதுக்கை என்பர். அதே அறை நிலத்தின் மேல் நின்றால் அது கல்திட்டை. பெரிய மண்சாடியிலே எலும்புகளை இட்டுப் புதைத்திருந்தால் அது முதுமக்கள் தாழி. இவை யாவும் இரும்பை முதன்முதற் பயன்படுத்திய காலத்து மக்களின் ஈமச் சின்னங்கள். இறந்தவரின் எலும்புகளைப் பின்னர் பொறுக்கியெடுத்து, உணவுக் கலங்களுடனும் இரும்புக் கருவிகளுடனும் மணிகளுடனும் வைத்து மூடும் வழக்கம் அவர்களிடையே பரவியிருந்தது. குயவனை விளித்துத் தாழியைப் பெரிதாக வனையுமாறு கேட்கும் பாடல்கள் புறநானூற்றிலே உண்டு என்பதைத் தமிழ் கற்றோர் அறிவர்.

அக்கலங்களிற் பெரும்பாலானவை உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும். கலத்தைக் கவிழ்த்துச் சூளையிட்டால், காற்றுப் புகாத உட்பகுதியும் விளிம்பும் கறுக்கும். காற்றுப் படும் வெளிப்பகுதி சிவக்கும். இஃதே அதன் நுட்பம். உழவர்கள் இந்த ஓட்டை ஒரு முறை கையிலெடுத்துப் பார்த்தால் பின் ஒருநாளும் மறக்கமாட்டார்கள்.

இலங்கையிலே இத்தகைய இடங்கள் ஒன்றிரண்டல்ல. புத்தளம் மாவட்டத்திலே, கலா ஓயாவை அண்டியுள்ள பொன்பரிப்பில் 1924ஆம் ஆண்டளவிலே, அன்றைய தொல்பொருள் ஆணையாளர் ஹோகாட் அகழ்ந்து தாழிகளைக் கண்டார். அவை திருநெல்வேலிப் பக்கத்து ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்திருந்தமை அறிஞரின் கவனத்தை ஈர்த்தது. 1970இலும் அங்கே ஆய்வு நடைபெற்றது. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவவிலே கற்பதுக்கைகள் கூட்டங்கூட்டமாய் வெளிப்படுத்தப்பட்டுள்ளன. இன்று அவற்றைப் பொதுமக்கள் சென்று பார்க்கலாம். யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையிலே 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் நடத்திய ஆய்விலே, எலும்புக்கூட்டோடு பிராமி எழுத்துப் பொறித்த முத்திரை ஒன்று கிடைத்தது. கிழக்கிலே, மட்டக்களப்பு மாவட்டத்தின் வடகோடியிலுள்ள கதிரவெளியிலே கற்பலகைகளால் அமைந்த ஈமச் சின்னங்கள் உண்டு.

கதிரவெளி என்றவுடன் எமது மனத்தில் எழுவது வேறு நினைவு. 2006 நவம்பரிலே, பாடசாலையில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் ஷெல் வீச்சுக்கு இரையான ஊர் அது. அந்தத் துயரத்தை மறக்குமாறு நாம் சொல்லவில்லை. ஆனால், மூவாயிரம் ஆண்டுக்கு அண்மித்த பழைமையின் தடம் அதே ஊரில் உண்டு என்பது கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் உள்ள எத்தனை ஆசிரியருக்குத் தெரியும்? எத்தனை மாணவர் அதைக் கண்ணாற் கண்டுள்ளனர்? நுவரெலியாவுக்கும் கண்டிக்கும் சுற்றுலாச் செல்லும் எமது பாடசாலைப் பேருந்துகள், நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேலுள்ள கதிரவெளிக்கு ஏன் ஒரு நாள் திரும்பக்கூடாது?

உழவர் அறியவேண்டிய உண்மை

இந்தக் கற்களின் கீழே கிடப்போர் யாவர்? அரசரா? படைத்தலைவரா? பெரும்பாலும் அல்லர். அவர்கள் குளம் கட்டியவர்கள், ஆடு மாடு மேய்த்தவர்கள், இரும்பை உருக்கியவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக நெல் விளைவித்தவர்கள். தமிழ்நாட்டிலே, பழனிக்கு அருகேயுள்ள பொருந்தல் என்னும் ஊரில், 2009இல் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் திறந்த ஈமச் சின்னமொன்றிலே, ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் நிறைந்த கலம் ஒன்று இருந்தது. அந்நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிலே தாழியொன்றில் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 எனத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. இறந்தவருக்குப் பொன்னை வைத்தார்களோ இல்லையோ, நெல்லை வைத்தார்கள். சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் களவெட்டியில் பொலி அளக்கும் மனிதனுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

ஆய்வாளர் கண்ட மற்றொன்றும் உழவருக்குப் பயன்படும். அக்காலத்து மக்களின் குடியிருப்பு, குளம், வயல், இடுகாடு ஆகிய நான்கும் ஒன்றையொன்று அடுத்தே அமைந்தன. நல்ல வயலை அவர்கள் பிணத்துக்குக் கொடுக்கவில்லை. நீர் ஏறாத மேட்டையும் பாறைப் பாங்கான தரையையும் இடுகாடாக ஒதுக்கினார்கள். ஆகவே, எந்த வட்டையின் ஓரத்திலே பயிர் ஏறாத கல்மேடு இருக்கின்றது, எந்தத் தூர்ந்த குளத்தின் கட்டோரம் பானையோடு சிதறிக் கிடக்கின்றது என்பதைச் சொல்லக்கூடியவன், கொழும்பிலிருந்து வரும் உத்தியோகத்தன் அல்லன். அந்த வட்டையிலே நாற்பது ஆண்டு வேளாண்மை செய்த கமக்காரனே. இவ்வறிவு எழுத்திலே இல்லை. அவனோடு அது மண்ணுக்குள் போகுமுன் எழுதிக்கொள்ள வேண்டாமா?

“எமக்கும் இதற்கும் என்ன?”

இவ்விடத்திலே எமது முஸ்லிம் சகோதரர் சிலர் ஒரு கேள்வி கேட்கக்கூடும். “போர்த்துக்கேயரின் கொடுமைக்கு ஆளான முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626ஆம் ஆண்டளவில் கிழக்குக் கரையிலே குடியேற்றினான் என்று வரலாறு கூறுகின்றது. அதற்கும் ஈராயிரம் ஆண்டுக்கு முன் புதைக்கப்பட்டவரோடு எமக்கு என்ன உறவு?” என்பதே அக்கேள்வி. சைவரும் கிறிஸ்தவரும்கூட, “அது எங்கள் மதத்துச் சின்னம் அன்றே” எனலாம்.

உறவு மதத்தினால் மட்டும் வருவதன்று. செனரத்தின் ஆணைக்கு முன்னரும் பின்னரும் இக்கரையிலே குடியேறியவர், ஏற்கெனவே இங்கிருந்தவரோடு மணவுறவும் தொழிலுறவும் கொண்டனர். மட்டக்களப்புத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் இன்றளவும் வழங்கும் தாய்வழிக் குடிமுறை அதற்குச் சான்று. பள்ளிவாசல் மரைக்காயரும் கோயில் வண்ணக்கரும் குடிவழியாகவே தெரிவு செய்யப்பட்டு வந்தனர். போடியார், வட்டவிதானை, களவெட்டி, சூடு, முன்மாரி, பின்மாரி என்னும் சொற்களிலே எது தமிழருடையது, எது முஸ்லிம்களுடையது எனப் பிரித்துச் சொல்ல எவராலும் முடியுமா? இந்த நிலத்தில் நெல் விளைவிக்கும் அறிவை ஒருவரிடமிருந்து ஒருவர் பெற்றே இரு சாராரும் வாழ்ந்தனர். அந்த அறிவின் வேர் அந்தக் கற்களின் காலம் வரை செல்கின்றது. நிலத்தைப் பண்படுத்தியவனின் வாரிசு, அந்நிலத்தைத் தொடர்ந்து பண்படுத்துபவனே.

அன்றியும், பூமியிலே பயணம் செய்து, தமக்கு முன் வாழ்ந்தோரின் முடிவு எவ்வாறாயிற்று என்று பார்க்குமாறு திருக்குர்ஆன் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களிலே ஏவுகின்றது. பழைய இடங்களைச் சென்று பார்ப்பது மார்க்கத்துக்கு மாறானது என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்கட்டும். பார்ப்பது வணங்குவதாகாது. பார்த்தவன் படிப்பினை பெறுவான். பாராதவன் பிறர் சொல்வதையே நம்பவேண்டியவனாவான்.

அச்சத்துக்குக் காரணம் இல்லையா?

உண்டு. அதனை ஒளிக்காமற் பேசுவோம்.

1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், மண்ணுக்குள் கிடக்கும் தொல்பொருளை நிலச் சொந்தக்காரனுடையதாகக் கொள்வதில்லை. அரசின் உடைமை என்றே கொள்கின்றது. அனுமதியின்றித் தோண்டுவது குற்றம், சிதைப்பது குற்றம். தொல்பொருள் ஒதுக்கு எனப் பிரகடனப்படுத்தப்பட்ட நிலத்தில் உழவோ கட்டடமோ செய்யப் பல தடைகள் உண்டு. சட்டத்தின் நோக்கம் நல்லதே. பழைமையைக் காக்கும் சட்டம் இல்லாத நாடு நாடாகாது. ஆனால், அந்தச் சட்டத்தை யார் கையாள்கின்றனர், யாரைக் கேட்டுக் கையாள்கின்றனர் என்பதிலேதான் எமது மக்களின் கவலை பிறக்கின்றது.

2016 ஒக்டோபரிலே, இறக்காமம் மாணிக்கமடுவிலுள்ள மாயக்கல்லி மலையிலே புத்தர் சிலை வைக்கப்பட்டபோது அவ்வூர் மக்கள் அடைந்த கலக்கத்தை நாம் அறிவோம். பொத்துவில் முகுது மகா விகாரையைச் சூழ்ந்த நிலத்தின் எல்லை பற்றிய பிணக்கும் எம்மெல்லோருக்கும் தெரிந்ததே. 2020 ஜூன் மாதத்திலே, கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமையை முகாமை செய்வதற்கென ஜனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டது. அதற்குத் தலைவர் தொல்லியல் அறிஞர் அல்லர், பாதுகாப்புச் செயலாளர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி கிழக்கு மாகாண மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தமிழ் பேசுவோர். அவர்களில் ஒருவரேனும் அச்செயலணியில் தொடக்கத்திலே இடம்பெறவில்லை. வீட்டுக்காரனை வெளியே நிறுத்திவிட்டு வீட்டின் பழம்பொருளைக் கணக்கெடுக்கப் புகுந்தால், கணக்கெடுப்பவரின் நோக்கம் எவ்வளவு தூயதாயினும் வீட்டுக்காரன் நம்புவானா?

எனவே அச்சம் நியாயமானது. ஆனால், அச்சத்துக்கு நாம் தேடிய மருந்து நியாயமானதா? கல்லை மூடுகின்றோம், ஓட்டை உடைக்கின்றோம், ஊர்ப்பெயர்களை மறக்கின்றோம். பின்னொரு நாள், அளவைச் சங்கிலியோடும் வரைபடத்தோடும் ஒருவர் வந்து, “இங்கே இன்னது இருந்தது, எல்லை இதுவரை” என்று சொன்னால், “இல்லை, இருந்தது இது, எல்லை இவ்வளவே, இதோ எமது பதிவு, இதோ நிழற்படம், இதோ ஆண்டு” என்று எடுத்துக் காட்ட எம்மிடம் என்ன இருக்கின்றது? ஒரு தரப்பின் பதிவு மட்டுமே உலகில் இருக்குமானால், நீதிமன்றமும் அதையே பார்க்கும். வரலாற்று நூலும் அதையே எழுதும். மறைத்தவன் சாட்சி சொல்ல முடியாது.

மேலும், மறைப்பவனுக்கு நண்பராக வருவோர் யார்? இரவிலே புதையல் தேடித் தோண்டுவோர். கல்லுடைக்கும் ஆலைக்கு மலையை விற்போர். கிரவல் அள்ளும் பாரவண்டிக்காரர். இவர்களுக்கு இனமும் இல்லை, மதமும் இல்லை. ஊர் வாய்மூடி இருக்குமளவும் இவர்களுக்குக் கொண்டாட்டம்.

எமது பக்கத்துத் தவறு

மற்றவரைக் குறைகூறுமுன் எமது பக்கத்துத் தவறொன்றையும் சொல்லியாக வேண்டும். தாழியோ கறுப்புச் சிவப்பு ஓடோ கிடைத்துவிட்டால், “இது தமிழன் இடம், ஆகவே இது தமிழன் காணி” என்று முழங்குவோர் எம்முள்ளும் உண்டு. இது பிழை. அதே ஓடுகள் அனுராதபுரத்து ஆழ்மண் அடுக்குகளிலும் கிடைத்துள்ளன. இப்பன்கட்டுவவிலே கிடப்போரின் வழித்தோன்றல்கள் இன்று சிங்களம் பேசுவோரிடையே இல்லை என்று எவர் சொல்ல முடியும்? தென்னிந்தியாவையும் இலங்கையையும் இணைத்த ஒரு பண்பாடு இத்தீவு முழுவதும் பரவியிருந்தது. இன்றைய இரு இனங்களும் அதிலிருந்து கிளைத்தவை. ஈமக் கற்கள் நாட்டப்பட்டபோது இன்றைய எந்த மதத்தின் கொடியும் இத்தீவிலே பறக்கவில்லை. அவற்றைக் காணி உறுதியாக நீட்டுவது எவர் செய்தாலும் தவறே.

இதுபோலவே, பௌத்தச் சின்னம் என்றால் அது அயலாருடையது என்று முகந்திருப்பும் வழக்கமும் தவறு. அம்பாறை மாவட்டத்துக் குடுவில் என்னுமிடத்துக் குகைச் சாசனமொன்றை எடுத்துக்கொள்வோம். பிராமி எழுத்தில் அமைந்த அச்சாசனம் தீகவாபியைச் சேர்ந்த வணிகரைக் குறிக்கின்றது. அத்துடன், தமிழரைச் சுட்டும் ‘தமேட’ என்னும் சொல்லும் அதிலே உண்டு. பௌத்தத் துறவிகளுக்குக் குகையை அளித்தோரிடையே தமிழரும் இருந்தனர் என்பதே இதன் பொருள். அப்படியிருக்க, தீகவாபித் தூபி எமது வரலாற்றுக்கும் புறம்பானதாகுமா? இராசகலையில் மகிந்த தேரரின் பெயர் பொறித்த சாசனத்தையும், இலகுகலை மகுல் மகா விகாரையையும், திருக்கோவில் ஆலயத்துத் தமிழ்க் கல்வெட்டுகளையும், கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற மரபையும் ஒரே பிள்ளை ஒரே ஆண்டிலே கற்கவேண்டும். அவ்வாறு கற்ற பிள்ளையை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது; அவனும் எவரையும் எளிதிற் பகைக்கமாட்டான்.

செய்யவேண்டியவை

வெறும் புலம்பலால் பயனில்லை. எமது மக்களே இன்று தொடங்கக்கூடியவை சில உண்டு.

முதலாவது, போய்ப் பார்த்தல். பெரும்போக அறுவடை முடிந்து, சிறுபோக உழவு தொடங்குமுன் உள்ள சில வாரங்களிலே புல் காய்ந்திருக்கும், தரை தெரியும். ஆசிரியர், சட்டத்தரணி, நில அளவையாளர், வைத்தியர், கமக்காரர் எனப் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சனிக்கிழமை புறப்படட்டும். யானை நடமாடும் காடுகளுக்கு ஊர் அறிந்த ஒருவர் இல்லாமற் போகவேண்டாம். பொழுது சாயுமுன் திரும்பவேண்டும். முஸ்லிம் ஊரார் மட்டும் தனியே, தமிழ் ஊரார் மட்டும் தனியே போகாமல், காரைதீவும் சாய்ந்தமருதும் மருதமுனையும் நீலாவணையும் கலந்து போகட்டும்.

இரண்டாவது, பதிதல். தோண்டாதீர்கள், பெயர்க்காதீர்கள், ஓடொன்றையும் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு வராதீர்கள். இருந்த இடத்திலிருந்து அகற்றிய ஓடு ஊமையாகிவிடும். அளவுகோலை அருகில் வைத்து நிழற்படம் எடுங்கள். கைத்தொலைபேசி காட்டும் அகலாங்கு நெட்டாங்கைக் குறியுங்கள். அவ்விடத்துக்கு ஊரார் வழங்கும் பெயரை அவர்கள் சொல்லும் உச்சரிப்பிலேயே எழுதுங்கள். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்ததும், வி. சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகத்தை எழுதியதும் பெருஞ்செல்வம் படைத்த நிறுவனங்களின் துணைகொண்டன்று. ஊரை நேசித்த தனிமனிதர் உழைப்பால். 1970களிலே, கீழடியில் ஒரு பள்ளி ஆசிரியர், கிணறு தோண்டும்போது வந்த பழம்பொருளை மாணவர் வாயிலாக அறிந்து, அதைப் பொருட்படுத்தி உரியவருக்குத் தெரிவித்தார். நாற்பது ஆண்டின் பின் அங்கே அகழ்வு தொடங்கி, இன்று உலகம் அவ்வூரின் பெயரை அறிகின்றது. எமது ஆசிரியர்களால் அது முடியாதா?

மூன்றாவது, கூட்டாக அறிவித்தல். தனியொரு கமக்காரன் தனியே போய்ச் சொன்னால் அவன் அஞ்சுவது இயல்பு. ஊர்ச்சங்கமும் பள்ளிவாசல் நிருவாகமும் ஆலய பரிபாலன சபையும் கமக்காரர் அமைப்பும் கையொப்பமிட்டு, பிரதி ஒன்றைப் பிரதேச செயலகத்துக்கும், ஒன்றைத் தொல்பொருள் திணைக்களத்துக்கும், ஒன்றை ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பினால், எவரும் அதனை விழுங்கிவிட முடியாது. அறிவித்த நாளும் நிலத்தின் நிலையும் காணி உறுதியின் பிரதியும் அதிலேயே இருக்கட்டும். மூடி மறைத்த காணிக்கு இந்தக் காப்பு இல்லை.

நான்காவது, சட்டத்தைத் திருத்தக் கோருதல். எமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் நாம் கேட்கவேண்டியவை தெளிவானவை. ஒதுக்கு எல்லையை வகுக்குமுன் நிலத்தில் பயிர் செய்வோரை அவர்கள் மொழியிலே அழைத்து விசாரித்தல் வேண்டும். ஈமச் சின்னம் உள்ள அளவான நிலத்தை மட்டும் காத்து, சூழவுள்ள வயலிலே மேலோட்டமான உழவைத் தொடர விடுதல் வேண்டும். எடுத்த நிலத்துக்கு ஈடு உரிய காலத்திலே கொடுத்தல் வேண்டும். தமிழ் பேசும் ஆய்வாளரையும் உத்தியோகத்தரையும் கிழக்கிலே போதிய அளவு நியமித்தல் வேண்டும். அறிவிப்புப் பலகையும் அகழ்வறிக்கையும் தமிழிலும் வருதல் வேண்டும். இவை சலுகைகள் அல்ல. தமிழும் அரச கரும மொழியாக உள்ள நாட்டிலே குடிமக்களின் உரிமைகள்.

இவையெல்லாம் நடக்கக்கூடியவைதாமா என்று ஐயுறுவோருக்குத் தென்கொரியாவைக் காட்டுவோம். அங்கே கோச்சாங், ஹ்வாசுன், கங்ஹ்வா என்னும் மூன்று இடங்களிலே நூற்றுக்கணக்கான கல்திட்டைகள் உள்ளன. அவையும் நெல் விளையும் நாட்டுப்புறத்திலே கிடந்த கற்களே. 2000ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ அவற்றை உலக மரபுரிமையாக ஏற்றது. எமது கற்களைக் காணவும் ஒருநாள் பலர் வரலாம். அதற்குமுன் எமது பிள்ளைகள் அவற்றைக் கண்டிருக்க வேண்டாமா?

2004 டிசம்பர் 26இலே கடல் எழுந்து, கல்முனையிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. உயிர்களோடு உறுதிகளும் ஏடுகளும் குடும்பப் படங்களும் போயின. எழுதி வைத்ததையே கடல் அழிக்கும்போது, எழுதாமல் விட்டதைக் காப்பவர் யார் என்பதை எமது கரையோர மக்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆகவே, அடுத்த முறை கொழு முனையிலே பழைய ஓடு ஏறி வரும்போது, அந்த முதியவர் சொல்லும் வார்த்தை மாறவேண்டும். “மூடாதே தம்பி, போய் வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வா, அண்டைக் காணிக்காரரையும் கூப்பிடு” என்று அவர் சொல்லவேண்டும். அவ்வாறு அவர் அச்சமின்றிச் சொல்லக்கூடிய நிலையை ஆக்குவது கற்றோர் கடமை. சட்டத்தரணி அவனுக்காக எழுதட்டும். அளவையாளர் அவனுக்காக அளக்கட்டும். ஆசிரியர் அவன் பிள்ளைக்கு விளக்கட்டும். இந்தப் போகம் வெட்டி முடிந்ததும் முதற் பயணம் புறப்படட்டும்.